சோதனை நோயாளி ஏழு

மருத்துவமனையில் என் முதுகுக்குப் பின்னால் என்னை 'ஆப் டாக்டர்' என்று சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடம் ஸ்டெதஸ்கோப்பும் கையுமாக வார்டு வார்டாக அலைந்தவள், திடீரென்று ஐந்தாவது மாடியில் ஏ.சி. அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் அப்படித்தான் சொல்வார்கள். இதயப் பிரிவின் தலைவர் ஒருநாள் லிஃப்டில் கேட்டார், "என்னம்மா, இன்னைக்கு எத்தனை போனுக்கு வைத்தியம் பார்த்தீங்க?" நானும் சிரித்து வைத்தேன். அவர் அறை வாசலில் காலையிலிருந்து காத்திருக்கும் எண்பது பேரைப் பற்றி நான் திருப்பிக் கேட்டிருந்தால் அவர் சிரித்திருக்க மாட்டார்.

நான் செய்ததை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். இதயம் பலவீனமானவர்கள் வீட்டுக்குப் போன பிறகு உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாக நீர் கோக்கும். முதலில் எடை கூடும், பிறகு கால் வீங்கும், பிறகு படுத்தால் மூச்சு முட்டும், தலைக்கு உயரம் வேண்டியிருக்கும். பாதிப் பேர் கடைசிக் கட்டத்தில்தான் ஓடி வருவார்கள். முன்னாலேயே தெரிந்தால் ஒரு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தே சரிசெய்துவிடலாம். அதற்காகத்தான் நோயாளியின் போனில் போட்டுக் கொடுக்கும் இந்த ஆப். தினமும் காலையில் நான்கு கேள்வி: எடை எவ்வளவு, மூச்சு வாங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, எத்தனை தலையணை வைத்துத் தூங்கினீர்கள். கடைசியில் ஒரு பெட்டி, 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?' பதில் சரியில்லை என்றால் இரண்டாம் மாடியில் இருக்கும் நர்ஸின் திரையில் அந்த ஆளின் வரி சிவப்பாகிவிடும். ஒரு மணி நேரத்துக்குள் நர்ஸ் போன் செய்வார். எட்டு மாதம், நானூறு நோயாளிகள். வேலை செய்தது. என் குழந்தை என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இருந்ததில்லை.

பதில் அனுப்பியவுடன் போனில் ஒரு வரி வரும்: 'நன்றி. உங்கள் பதில் உங்கள் மருத்துவரைச் சென்றடைந்தது.' அந்த வரியை எழுதியது நான்தான். கமிட்டியில் 'மருத்துவமனையை' என்று போடச் சொன்னார்கள். கட்டடத்திடம் யார் பேசுவார்கள், மனுஷியிடம்தானே பேசுவார்கள் என்று சண்டை போட்டு 'மருத்துவரை' என்று வாங்கினேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆப் தொடங்கும் முன் பத்து கற்பனை நோயாளிகளை உருவாக்கியிருந்தோம். சோதனை ஒன்று, சோதனை இரண்டு என்று பத்து வரை. நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்க அவர்களைத்தான் பயன்படுத்தினோம். யாராவது விளையாட்டாக எடை ஐந்நூறு கிலோ என்று போட, திரை சிவக்க, நர்ஸ் பதறிப் போய் போன் செய்ய, அது என் கைப்பையில் மணி அடிக்கும். ஏனென்றால் பத்துக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு உத்தரவு போட்டேன்: சோதனை நோயாளிகள் யாரும் நர்ஸின் திரையில் வரக்கூடாது. அன்று அது சரியான முடிவு. இன்றைக்கும் காகிதத்தில் எழுதிப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது.

அந்த வியாழக்கிழமை பதினொரு மணிக்கு மருத்துவமனைச் சேர்மன் முன்னால் நான் பேச வேண்டியிருந்தது. வேறு பன்னிரண்டு மருத்துவமனைகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் ஆப் அங்கெல்லாம் போகும். நிஜ நோயாளியின் விவரத்தைப் பெரிய திரையில் காட்டக்கூடாது, அதனால் ஒரு சோதனை நோயாளியைத் தேடி ஒன்பதே காலுக்குப் பட்டியலைத் திறந்தேன். எல்லாம் குப்பை. சோதனை இரண்டுக்கு ஐந்நூறு கிலோ. சோதனை ஐந்து நாற்பது தலையணை வைத்துத் தூங்கியிருந்தார்.

சோதனை ஏழு மட்டும் அப்படி இல்லை. ஒன்பது நாள், ஒரு நாள் விடாமல், காலை ஏழு மணியை ஒட்டி. எடை 61.2 என்று தொடங்கி, 61.5, 61.9, 62.6 என்று ஏறி, நேற்று 65.8. தலையணை ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று. பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு அழகாகப் போட மாட்டார்கள். கடைசிப் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்து வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

'டாக்டருக்கு வணக்கம். நான் நல்லா இருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?'

'எடை கூடியிருக்கு. அக்கா மேல பழி போட முடியாது, உப்பையே கண்ணுல காட்டுறதில்ல.'

'மாடிப்படி ஏறுறப்ப ரெண்டாவது கியர் விழவே மாட்டேங்குது. முதல் கியர்லயே ஏறினேன்.'

'தலையணை மூணு. இன்னும் ஒண்ணு வேணும்னா பக்கத்து வீட்டுலதான் கேக்கணும்.'

'நாற்காலில உக்காந்தே தூங்கினேன். தியேட்டர்ல தூங்கின பழக்கம் கை கொடுத்துச்சு.'

எங்கள் மென்பொருள் ஆளை நாங்கள் 'ஆகிடும்' என்றுதான் கூப்பிடுவோம். எதைக் கேட்டாலும் அதுதான் பதில். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, தலையில் பாதி முடி என் ஆப்பில்தான் போனது என்று சொல்லிக்கொள்வார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்தவரைக் கூப்பிட்டேன்.

"சூப்பர்ங்க. சோதனை ஏழு அச்சு அசல் நிஜ நோயாளி மாதிரியே இருக்கு. உங்களுக்கு இவ்வளவு நகைச்சுவை வரும்னு நினைக்கவே இல்ல."

அவர் வந்து என் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், இது நான் போடலையே."

"அப்ப யார் போட்டாங்க?"

"நீங்கதான் இன்னைக்கு மீட்டிங்குக்குப் போட்டு வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து ஏதேதோ தட்டினார். "ஒரே போன்ல இருந்துதான் மேடம் வருது. முதல் தடவை உள்ள வந்தது போன வாரம் திங்கக்கிழமை. நம்ம ஆண்கள் வார்டு வைஃபைல இருந்து. அதுக்கப்புறம் வெளியில இருந்து." அவர் குரல் இறங்கிவிட்டது. "யாரோ நிஜமான ஆள், மேடம்."

பயிற்சி பெற்ற மருத்துவர் நான். ஒன்பது நாளில் நாலரை கிலோ என்றால் என்ன அர்த்தம் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அது நகைச்சுவை இல்லை. ஒரு மனிதர் உட்கார்ந்த இடத்திலேயே நீரில் மூழ்கிக்கொண்டிருக்கிறார், அதை ஒவ்வொரு காலையும் சிரித்துக்கொண்டே எனக்கு எழுதியிருக்கிறார். நேற்றைய பெட்டியை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். 'நீங்க பார்த்துட்டு இருக்கீங்கன்ற தைரியத்துலதான் இருக்கேன்.'

இன்றைய வரி காலியாக இருந்தது. மணி ஒன்பது இருபத்தைந்து.

பெயர் இல்லை, முகவரி இல்லை. போன் நம்பர் இருந்த இடத்தில் என் நம்பர். "ஆப் வழியா ஒரு மெசேஜ் போடுங்க, உடனே கூப்பிடச் சொல்லுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு மூன்றாம் மாடிக்கு ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. ஐம்பத்தொரு வயதில் அந்தப் படிகளில் ஓடக்கூடாது, செருப்பு ஒருமுறை வழுக்கியது.

ஆண்கள் வார்டில் சிஸ்டர் மருந்து டிராலியோடு நின்றிருந்தார். வார்டைப் பதினான்கு வருடமாக நடத்துபவர். என்னைக் கண்டால் அவருக்குக் கொஞ்சம் எரிச்சல், என்னால்தான் அவருக்கு ஒரு வேலை இரண்டு வேலையானது.

"சிஸ்டர், போன வாரம் திங்கக்கிழமை. சோதனை ஏழு கணக்கை யாருக்காவது கொடுத்தீங்களா?"

அவர் யோசிக்கவே இல்லை. "கொடுத்தேன். அன்னைக்கு உங்க சர்வர் படுத்துடுச்சு. மூணு பேர் வீட்டுக்குப் போகணும், ஒருத்தர் பேரும் ஏற மாட்டேங்குது. ரெண்டு பேரை மறுநாள் வரச் சொன்னேன். இவருக்குப் படி ஏறி இறங்கறதே கஷ்டம், எப்படி வரச் சொல்றது? சுவத்துல பயிற்சி அட்டை ஒட்டியிருந்துச்சு, அதுல இருந்த சோதனை ஏழோட நம்பரைப் போட்டேன், ஒரே நிமிஷத்துல வேலை செஞ்சுது. அப்பவே மாத்தித் தரச் சொல்லி உங்களுக்கு எழுதிப் போட்டேனே?"

"எனக்கா?"

"உங்களுக்குத்தான் மேடம். பதில்கூட வந்துச்சு. தேவையில்லைன்னு."

போனை எடுத்துத் தேடினேன். இருந்தது. அந்தத் திங்கள்கிழமை எனக்கு வந்த அறுபத்து மூன்று புகார்ச் சீட்டுகளில் ஒன்று. 'ஆண்கள் வார்டு. சோதனை 7, மாற்றித் தரவும். அவசரம்.' அதன் கீழே என் பதில், என் முதலெழுத்தோடு: 'சோதனைக் கணக்குதானே. மாற்றத் தேவையில்லை.' அவசரம் என்ற வார்த்தையைப் பார்த்து எரிச்சலானதுகூட இப்போது ஞாபகம் வந்தது. எதற்கெடுத்தாலும் அவசரம் என்று எழுதுகிறார்கள் என்று நினைத்திருந்தேன். யார் மீதாவது பாய வேண்டும் போல் இருந்தது. பாய்வதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

"எல்லாருக்கும் நர்ஸ் போன் பண்ணுவாங்க, அதனால சரியாயிருக்கும்னு விட்டுட்டேன்" என்றார் சிஸ்டர். என் முகத்தைப் பார்த்து அவர் முகமும் வெளுத்தது. "என்ன ஆச்சு மேடம்?"

"அவரோட ஃபைலை எடுங்க. யார் அவர்?"

"டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். நல்லாப் பேசுவார். வார்டையே சிரிக்க வச்சார்."

ஃபைலில் இருந்த நம்பருக்கு அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். மூன்றாவது முறையும் எடுக்காதபோது, கீழே அவசரப் பிரிவுக்கு இறங்கி ஆம்புலன்ஸில் நானே ஏறிவிட்டேன். அவசரப் பிரிவு டாக்டர், "நீங்க எதுக்கு மேடம், நாங்க ஆளை அனுப்பறோமே" என்றார். அவருக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை.

முகவரி நகரத்தின் இன்னொரு மூலையில் இருந்தது. சைரன் போட்டும் வண்டிகள் ஆடி அசைந்துதான் ஒதுங்கின. ஒரு பேருந்து குறுக்கே நின்று ஆளை இறக்கியது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்: நேற்று 65.8 என்றால் இன்று 66.5 இருக்கும், எடையை எடுத்திருந்தால். எடுக்கவில்லை என்றால் ஏன் எடுக்கவில்லை? தூங்கிவிட்டாரா? இந்த உடம்புக்குத் தூக்கம் வராது. வந்தால் அது நல்ல தூக்கம் இல்லை. எத்தனையோ பேர் என் கையில் இறந்திருக்கிறார்கள், அதற்காகக் கூசியதில்லை, முடிந்ததைச் செய்திருந்தேன். இந்த மனிதர் என் கைக்கே வரவில்லை. வந்து கதவைத் தட்டியும் நான் இது வெறும் பொம்மை என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

'ஆகிடும்' கூப்பிட்டார். "மேடம், மெசேஜ் போய்ச் சேர்ந்துடுச்சு. ஆனா திறந்து பார்க்கலை. சேர்மன் ரூம்ல இருந்து ரெண்டு தடவை போன் வந்துடுச்சு, என்ன சொல்லட்டும்?"

"வரலைன்னு சொல்லுங்க. மத்த ஒன்பது சோதனைக் கணக்கையும் தோண்டிப் பாருங்க. இன்னொரு ஆள் இப்படி மாட்டியிருக்கக் கூடாது."

"பார்த்துட்டு இருக்கேன் மேடம்." முதல்முறையாக அவர் 'ஆகிடும்' என்று சொல்லவில்லை.

இரண்டாவது மாடி. படிக்கட்டு இரண்டு பேர் சேர்ந்து ஏற முடியாத அளவுக்கு ஒடுக்கம். கதவு திறந்தே இருந்தது. ஒல்லியான ஒரு அம்மா, எழுபது வயதிருக்கும், என் கழுத்திலிருந்த மருத்துவமனை அட்டையைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"வந்துட்டீங்களா! டேய் தம்பி, நீ சொன்ன மாதிரியே வந்துட்டாங்கடா!"

அவர் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் இருந்தார். முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, ஒவ்வொரு மூச்சையும் தோளால் இழுத்துக்கொண்டிருந்தார். உதடு நீலம். கால் இரண்டும் கணுக்கால் தெரியாமல் வீங்கியிருந்தது. உயிரோடு இருந்தார்.

அவருடைய காலடியில் எடை பார்க்கும் கருவி. மடியில் போன், சத்தம் நிறுத்தி வைத்திருந்தது.

"விடிஞ்சதுல இருந்து அதோட மல்லு கட்டிட்டு இருக்கான்மா" என்றார் அக்கா. "எந்திரிச்சு அது மேல நிக்க முடியல. எடையைப் போடாம அடுத்த கேள்விக்கே விட மாட்டேங்குதாம். நான் தூக்கி நிறுத்தப் பார்த்தேன், ரெண்டு பேரும் விழப் பார்த்தோம். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்டான்னு நாலு நாளா கெஞ்சறேன். இல்லக்கா, டாக்டருக்குத் தினமும் எழுதறேன், போய்ச் சேர்ந்துடுச்சுன்னு பதிலும் வருது, தேவைன்னா அவங்களே கூப்பிடுவாங்கன்றான். இன்னைக்கு எழுதலன்னா அவங்களுக்கே தெரிஞ்சுடும், ஆள் அனுப்புவாங்கன்னான். அதே மாதிரி நீங்களே வந்துட்டீங்க."

எடையைப் போடாமல் அடுத்த கேள்விக்குப் போக முடியாது என்பதும் என் ஏற்பாடுதான். எடை முக்கியம், சோம்பல்பட்டுத் தாண்டிவிடுவார்கள் என்று பூட்டி வைத்தேன். எழுந்து நிற்க முடியாத ஆள்தான் அவசரமாகப் பேச வேண்டிய ஆள் என்பது எனக்கோ கமிட்டிக்கோ உறைக்கவில்லை.

ஆம்புலன்ஸ் ஆள் ஆக்சிஜன் மாட்டினார். நான் ஊசி போட நரம்பைத் தேடினேன். நரம்பில் ஊசி ஏற்றி மூன்று வருடமாகிவிட்டது. முதல் குத்து தவறியது. மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் என்னவோ சொன்னார். குனிந்து கேட்டேன்.

"பதறாதீங்க… டாக்டர். மெதுவா… ஸ்டீயரிங்க… இறுக்கிப் பிடிக்காதீங்க."

இரண்டாவது குத்தில் ஏறியது. நீர் இறங்குவதற்கான மருந்தைச் செலுத்தினேன். நாற்காலியோடு தூக்கி அந்த ஒடுக்கமான படிக்கட்டில் இறக்குவதற்குள் பத்து நிமிடம் ஆனது. வண்டியில் என் விரலை அவர் நாடியிலிருந்து எடுக்கவே இல்லை. அவர் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மதியம் இரண்டு மணிவரை தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே நின்றேன். லிஃப்டில் கிண்டல் செய்த அதே தலைவர்தான் உள்ளே அவருக்கு வைத்தியம் பார்த்தார். வெளியே வந்து, "ஒன்றரை லிட்டர் இறங்கியிருக்கு, பிழைச்சுப்பார்" என்றார். கொஞ்சம் நின்று, "இன்னும் ரெண்டு மணி நேரம் போயிருந்தா நாம பேசிட்டிருக்க மாட்டோம்" என்றார். இந்த முறை கிண்டல் இல்லை. மற்ற ஒன்பது கணக்கிலும் யாரும் இல்லை என்று 'ஆகிடும்' செய்தி அனுப்பினார். சுவரில் சாய்ந்துகொண்டேன்.

சேர்மன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். விருந்தாளிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சீட்டு, என் பதில், பூட்டிய கேள்வி, எல்லாவற்றையும். அவர் பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"உயிரோடதானே இருக்கார்?"

"இருக்கார்."

"அப்புறம் என்ன? ஒரு நோயாளி ஒருநாள் பதில் போடல, உடனே ஆப்பை உருவாக்கின டாக்டரே வீட்டுக்குப் போய்த் தூக்கிட்டு வந்தாங்க. இதைவிட நல்லதா அவங்களுக்கு என்ன காட்டிட முடியும்?"

"அது பொய் சார்."

"பொய் எங்க இருக்கு? ஒவ்வொரு வார்த்தையும் நடந்ததுதானே? தப்பைச் சரி பண்ணுங்க, நான் வேணாம்னு சொல்லல. ஆனா அந்த ஆள்கிட்ட எதையும் வாயைத் திறந்து சொல்லாதீங்க. வக்கீலைக் கேட்டுக்கலாம். அவரே சந்தோஷமா இருக்கார்னு கேள்விப்பட்டேன். சும்மா இருக்கற சங்கை ஊதிக் கெடுப்பானேன்?"

உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. நான் ஒன்றும் அரிச்சந்திரன் வீட்டுப் பெண் இல்லை. மூன்று வருட உழைப்பு, பன்னிரண்டு மருத்துவமனை, அங்கே இருக்கும் ஆயிரக்கணக்கான பலவீனமான இதயங்கள். ஒரு மனிதரின் சந்தோஷத்தைக் கெடுக்காமல் விட்டால் அத்தனையும் பிழைக்கும். நினைக்க நினைக்க நியாயமாகவே பட்டது. அதுதான் பயமாக இருந்தது. சிஸ்டரின் சீட்டுக்குத் தேவையில்லை என்று எழுதிய அன்றும் எல்லாம் இப்படித்தான் நியாயமாகப் பட்டது.

ஆறு மணிக்கு அவர் படுக்கைக்குப் போனேன். தலைப்பக்கம் உயர்த்தியிருந்தார்கள். மூக்கில் சின்னக் குழாய் மட்டும். உதட்டில் நிறம் வந்திருந்தது. அக்கா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தார்.

"இவங்கதாண்டா" என்றார் அக்கா. "எந்த ஊர்ல டாக்டர் வீடு தேடி வர்றாங்க? உன்னைத் தினம் கண்ணுல வச்சுப் பார்த்திருக்காங்க."

அவர் கையை எடுத்துக் கும்பிடப் போனார். அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"கும்பிடாதீங்க. நான் ஒண்ணு சொல்லணும். நீங்க எழுதினதை நான் பார்க்கல. யாருமே பார்க்கல. உங்க பேர்ல கணக்கே இல்ல. சோதனைக்கு வச்சிருந்த ஒரு பொய்க் கணக்குல உங்களைப் போட்டுட்டோம். மாத்தச் சொல்லி சிஸ்டர் எழுதினாங்க, நான்தான் வேணாம்னு பதில் போட்டேன். இன்னைக்குக் காலைல வேற எதையோ தேடும்போது தற்செயலாத்தான் கண்ணுல பட்டுச்சு. போய்ச் சேர்ந்துடுச்சுன்னு வந்த பதில் தானா வர்ற பதில். அதை எழுதினதும் நான்தான்."

சொல்லும்போது என் குரல் எனக்கே யாருடையதோ போல் கேட்டது. அவர் என்னையே பார்த்தார். பக்கத்துப் படுக்கையின் இயந்திரம் டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. வேறெதுவோ வடிந்து போனது.

"ஒரு நாள்கூடவா?" என்றார்.

"ஒரு நாள்கூட இல்ல."

"நான் ஜோக் எழுதினதெல்லாம்?"

"இன்னைக்குத்தான் படிச்சேன்."

அக்கா நீவுவதை நிறுத்தியிருந்தார். அவர் என் பக்கம் திரும்புவார், என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்க வேண்டியதும்தான். பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. தம்பியைத்தான் பார்த்தார்.

"நாலு நாளா பக்கத்து ரூம்லதானேடா படுத்திருந்தேன்? ராத்திரி ரெண்டு தடவை வந்து எப்படிடா இருக்கன்னு கேட்டேன். நல்லா இருக்கேன்க்கா, போய்ப் படுன்னுதானே சொன்ன? மூச்சு விட முடியலன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

தம்பி குழந்தை மாதிரி மெல்லச் சொன்னார்.

"நீ பயந்துடுவேன்னுதான்க்கா. டாக்டர்கிட்ட சொல்லியாச்சேன்னு இருந்துட்டேன்."

அக்கா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அக்காவின் முழங்கையைத் தொட்டார், அதற்குமேல் எட்டவில்லை. கட்டிலின் மறுபக்கம் நான் நின்றுகொண்டே இருந்தேன். இரண்டு பேருமே என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.